ஒரு மணிக்கு ஒரு சென்டிமீட்டர்

நாவல், சிறுகதை விமர்சனங்களுக்கு நடுவே நான் ஒரு கிராஃபைப் பற்றி எழுதப் போகிறேன். 1954இல் நியூயார்க்கில் இமானுவல் ஃபிரீட்மன் என்ற இளம் மருத்துவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அது வந்தது. பிரசவ வலி வந்த பெண்ணின் கருப்பை வாய் எத்தனை மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் விரிகிறது என்பதைக் கோடாக வரைந்திருந்தார். கட்டுரையைப் படித்தவர்கள் குறைவு. கோடு மட்டும் உலகம் முழுக்கப் பிரசவ அறைகளுக்குப் போய்விட்டது.

நான் அதைத் தேடிப் போனதற்கு அக்காதான் காரணம். மூன்று வருடத்துக்கு முன்பு அவளுக்குத் தலைப்பிரசவம். நானும் மாமாவும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். காலையில் நாலு சென்டி என்றார்கள். மதியமும் நாலுதான். அப்புறம் ஆபரேஷன். பையன் நல்லபடியாகப் பிறந்தான். அந்த முடிவு சரியா தப்பா என்று பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த தாளில் காரணம் என்ற கட்டத்தில் ‘ஃபெய்லியர் டு புரோகிரஸ்’ என்று எழுதியிருந்தது. “எனக்கு நாலுலேயே ஃபெயில் ஆயிருச்சுடா” என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். எஸ்.பி.எம்.மில் எதிலும் ஃபெயில் ஆகாதவள்.

ஃபிரீட்மன் செய்தது சின்ன வேலை இல்லை. அதுவரை ‘மெதுவாகப் போகிறது’, ‘நன்றாகப் போகிறது’ என்று வாய்வார்த்தையாக இருந்ததை மணியும் அளவுமாக எழுதி வைத்தார். 1955இல் 500 தலைப்பிரசவங்களை எடுத்து இன்னொரு கட்டுரை எழுதினார். அவருடைய கோடு ஆங்கில ‘எஸ்’ எழுத்து மாதிரி இருக்கும். முதலில் மந்தமாகப் போகும், திடீரென்று செங்குத்தாக ஏறும், கடைசியில் கொஞ்சம் தளரும். ஒரு சிறுகதையின் வடிவம் அது. அது இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அந்த வடிவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தொடக்கம், ஏற்றம், முடிவு என்று இருந்தால் மனசு உடனே நம்பிவிடும்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தினமும் கண்ட்ரோல் சார்ட் பார்க்கிற எனக்கு அந்த நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் வராது. 500 பேரைச் சேர்த்துச் சராசரி போட்டால் மேடு பள்ளமெல்லாம் வழுவழுப்பாகிவிடும். ஒருத்தி மூன்று மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு ஒரே மூச்சில் போயிருப்பாள். சராசரியில் அவள் காணாமல் போவாள். அளவுகோலும் விரல்தான். எங்கள் லைனில் இரண்டு பேர் ஒரே பாகத்தை அளந்து வேறு வேறு எண் சொன்னால் முதலில் அளக்கும் முறையைத்தான் சந்தேகப்படுவோம். இன்னொன்று, அந்த 500 பேரில் பாதிக்கு மேல் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்கள். இதையெல்லாம் மறந்துவிட்டு அதை ‘இயற்கையின் வேகம்’ என்று படித்தது பின்னால் வந்தவர்களின் வாசிப்புப் பிழை.

இதே கோட்டுக்கு வேறொரு வாசிப்பும் உண்டு. 1972இல் ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், ஃபில்பாட்டும் காசிலும் அதன்மேல் இரண்டு நேர்கோடுகளைப் போட்டார்கள். மணிக்கு ஒரு சென்டி என்பது எச்சரிக்கைக் கோடு. நாலு மணி நேரம் தள்ளி இரண்டாவது கோடு, அதைத் தொட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். டாக்டர் இல்லாத தூரத்துக் கிளினிக்கில் தனியாக இருக்கும் மருத்துவச்சிக்காக யோசித்தது இது. முதல் கோட்டைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, போய்ச் சேர நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே அந்தக் கோடு யாருக்கும் மார்க் போடவில்லை, வண்டியைக் கூப்பிடு என்றுதான் சொன்னது. பலனும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியாவில் 35,484 பெண்களிடம் சோதித்து 1994இல் வெளியிட்டது. நீடித்த பிரசவம் 6.4 சதவீதத்திலிருந்து 3.4க்கு இறங்கியது. மருந்து கொடுத்து வலியைத் தூண்டுவது 20.7லிருந்து 9.1க்கு வந்தது. கோட்டையே தூக்கிப் போடச் சொல்கிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கட்டும்.

2010இல் ஜாங் குழுவினர் அமெரிக்காவின் 19 மருத்துவமனைகளில் 62,415 பிரசவங்களைப் பார்த்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தவை. நாலிலிருந்து ஐந்துக்குப் போகவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம் என்று எழுதினார்கள். அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். ஃபிரீட்மன் சும்மா இருக்கவில்லை. அறுபது வருடம் கழித்தும் விடாமல், இவர்களுடைய கணக்கு முறையே கோளாறு என்று மறுத்து எழுதினார். (அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.) 2018இல் உலக சுகாதார நிறுவனமும் மணிக்கு ஒரு சென்டி என்பது சில பெண்களுக்கு நடக்காத வேகம், அதை வைத்து மட்டும் தலையிட வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

எண் மாறிவிட்டது, சொல் மாறவில்லை. ‘ஃபெய்லியர்’ என்றால் யார் தோற்றது? கோடா, மருந்தா, காத்திருக்க நேரம் இல்லாத வார்டா? வாக்கியத்தில் எழுவாயே இல்லை. எழுவாய் இல்லாத இடத்தில் அக்கா தானே போய் உட்கார்ந்துகொண்டாள்.

போன மாதம் ஜாங்கின் அட்டவணையை அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். “94 ஆய்வுல நம்ம நாடும் இருக்கா? அப்ப அம்மாவும் அதுல ஒரு புள்ளியா இருப்பாங்களோ?” என்றாள். அம்மா அடுப்படியிலிருந்து, “உன்னைப் பெக்க ஒரு ராத்திரி பூரா ஆச்சு. மிஸ்ஸி கையப் புடிச்சிக்கிட்டே நின்னா. எத்தனை சென்டின்னு எங்கிட்ட யாரும் சொல்லல” என்றார்.