கழற்றிப் பூட்டும் கலை: ஒரு மதிப்பீடு

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. தடைசெய்யப்பட்ட சாமான்களில் ரேடியோவுக்குப் போடும் பற்றறியும் ஒன்று. செய்தி கேட்காமல் இருக்க முடியாத காலம் அது. பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்பதற்காகச் சனம் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தியது. ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவைப் பாட வைத்தார்கள்.

இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம்; சொல்லவும் வேண்டும். ஆனால் அதற்குள் இருந்த மின்சுற்றை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம். ரேடியோ கேட்பது நேரோட்டம். இடையில் நான்கு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வேண்டும். கடையில் இல்லாத அந்தச் சாமான்கள் செத்துப்போன இன்னொரு ரேடியோவிலிருந்தோ பழைய ரிவியிலிருந்தோதான் வரவேண்டும். ஆகவே, டைனமோவில் பாடிய ரேடியோக்களுக்குப் பின்னால் ஈயத்தை உருக்கிப் பாகம் கழற்றிய கைகள் இருந்தன. அந்தக் கைப்பழக்கம் நமக்குத் தந்ததையும், கவனிக்காமல் விட்டதையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அதன் பலம். பாகம் கழற்றத் தெரிந்தவனுக்குப் பழுதான பெட்டி குப்பை ஆவதில்லை. அது ஒரு சிறு களஞ்சியம். ட்ரான்ஸ்போமர், ஹீட்சிங்க், ஸ்விட்ச், ஸ்பீக்கர் போன்றவை இருபது முப்பது வருடம் கழித்தும் நன்றாகவே வேலை செய்யும். கழற்றும்போதே படிப்பும் நடக்கிறது. எந்தப் பாகம் எதோடு இணைந்திருக்கிறது, எது எப்போதும் முதலில் கருகுகிறது என்பதைப் போர்டைப் புரட்டிப் பார்த்தவன் மறக்கமாட்டான். 2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோதும், டொலருக்கு ஏறத்தாழ 200 ஆக இருந்த ரூபாய் சில வாரங்களில் 350ஐத் தாண்டியபோதும், பழைய போர்டில் இருந்த பாகங்களின் பெறுமதி மறுபடி ஏறியது. தட்டுப்பாடு திரும்பி வரும் நாட்டில் இந்தக் கைத்தொழிலைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் எளியது, ஈயத்தை உருக்கிப் போர்டை மேசையில் தட்டி உதறுவது. செலவே இல்லை. ஆனால் தெறிக்கும் ஈயம் கண்ணையும் கெடுக்கும். போர்டின் வேறொரு மூலையில் போய் ஒட்டி அங்கே ஷோட்டும் ஆக்கும். சுருள்வில் வைத்த உறிஞ்சுகுழல் இதைவிட மேல். பழைய ரேடியோக்களின் ஒற்றைப்பக்கப் போர்டுக்கு அது போதுமானது. அதன் குறை இரண்டு. விசை விடுபடும்போது குழல் பின்னுக்கு உதைத்து மெல்லிய செப்புத் தடத்தைப் பெயர்த்துவிடலாம். உள்ளே உராயும் பிளாஸ்டிக்கில் எழும் நிலைமின்னூட்டம் சில ஐசிக்களையும் மொஸ்பெட்களையும் கொல்லலாம். செப்புப் பின்னல் மிகச் சுத்தமாக ஈயத்தை உறிஞ்சும். ஆனால் ஒருமுறை நனைந்த துண்டை வெட்டி எறியவேண்டும். வாங்க வசதியில்லாதவர்கள் நெகிழ்வயரின் மெல்லிய செப்பு இழைகளைத் திரித்து, ரோசின் தடவி, அதே வேலையைச் செய்துகொள்ளலாம். ஐசியின் கால் ஒவ்வொன்றையும் விடுவிக்க ஊசிமருந்து ஏற்றும் ஊசியின் குழல் முனை உதவும். துருப்பிடியா உருக்கில் ஈயம் ஒட்டாது என்பதே அதன் இரகசியம்.

எந்தக் கருவி என்றாலும், வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சூடும் நேரமும்தான். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகையில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு பரவிய ஈயமற்ற கலவைக்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் புதிய போர்டில் பழைய கைப்பழக்கத்தோடு பற்றாசுக்கோலை அழுத்திப் பிடிப்பவர் பாகத்தையும் தடத்தையும் சேர்த்துப் பொசுக்குகிறார். இணைப்பில் கொஞ்சம் பழைய ஈயத்தை உருக்கிச் சேர்த்தால் கலவையின் உருகுநிலை இறங்கும். பிறகு உறிஞ்சினால் பாகம் இலகுவாகக் கழன்று வரும். நுட்பம் சின்னது, பலன் பெரியது. பழைய ஜெர்மானியம் ரான்சிஸ்ரர்களுக்கு அதிகச் சூடே நஞ்சு. அவற்றின் காலைக் குறட்டால் பிடித்துச் சூட்டை வடித்தபடி கழற்றவேண்டும்.

ஆனால் இந்த மரபின் பெரிய குறை கழற்றும் இடத்தில் இல்லை. கழற்றியதை நம்பும் இடத்தில் இருக்கிறது.

டைனமோ ரேடியோவையே எடுத்துக்கொள்வோம். சைக்கிள் டைனமோவின் அளவு 6 வோல்ட், 3 வொட்; அதாவது அரை அம்பியர் இழுக்கும் பல்ப்புக்காகச் செய்தது. சின்ன ரேடியோ இழுப்பது அதில் ஒரு சிறு பங்குதான். சுமை குறைந்த டைனமோவை வேகமாகச் சுற்றினால் வோல்ட் 6இல் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். மெதுவாகச் சுற்றினால், நான்கில் ஒரே நேரத்தில் மின் பாயும் டயோட்டுகள் இரண்டு ஏறத்தாழ 1.4 வோல்ட்டை விழுங்கிவிட, குரல் இழுபடும். நிதானமாகச் சுற்றி, 'பாடுது' என்று கண்டவுடன் பெட்டியை மூடினால் என்ன நடக்கும்? மறுநாள் வீட்டுப் பிள்ளை உற்சாகமாய்ச் சுற்றும்போது, 10 வோல்ட் என்று எழுதிய பழைய கப்பாசிற்றர் வீங்கும். அதோடு ரேடியோவும் போகலாம். சைக்கிள் பல்ப்பையும் கூடவே இணைத்துச் சுமை கொடுத்தால் வோல்ட் அடங்கும். இது மெதுவாகவும் வேகமாகவும் சுற்றி, மீற்றரை வைத்து அளந்து பார்த்தவனுக்கே தெரியவரும். 'இப்போது வேலை செய்கிறது' என்பது ஒரு சோதனை. 'எந்த நிலையிலும் வேலை செய்யும்' என்பது வேறொரு சோதனை. தட்டுப்பாடு நமக்கு முதலாவதைக் கற்றுத் தந்தது. இரண்டாவதைக் கற்றுத் தர அதற்கு அவகாசம் இருக்கவில்லை.

பழைய பாகங்களில் இந்த வேறுபாடு உயிர்நிலை. மின்பகு கப்பாசிற்றர் வருடக்கணக்கில் உள்ளே காய்ந்துபோகும். கொள்ளளவை அளந்தால் சரியாகவே காட்டலாம். உள்தடை மட்டும் ஏறியிருக்கும். சுமை வரும்போதுதான் அதன் முதுமை தெரியும். கரையோர ஊர்களின் உப்புக் காற்றில் கிடந்த ஸ்விட்சும் சொக்கெட்டும் இப்படித்தான். மேசையில் பிடிக்கும், மழைக்கு முரண்டுபிடிக்கும். ஆகவே ரெசிஸ்ரர், ட்ரான்ஸ்போமர் போன்றவற்றை அளந்துவிட்டு மறுபடி பாவிக்கலாம். மின்பகு கப்பாசிற்றரை, வேறு வழியே இல்லாவிட்டாலொழிய, புதிதாக வாங்குவதே மேல் என்பது என் முடிவு.

சோதிக்கும் முறைகளுக்கும் எல்லை உண்டு. பிரெட்போர்ட்டில் செருகிப் பார்ப்பது மலிவானது, திருத்த இலகுவானது. ஆனால் அதன் துளைவரிசைகளுக்கு இடையே சிறு கொள்ளளவு ஒளிந்திருக்கிறது. ஒலிச் சுற்றுக்கு அது பாதகமில்லை, எப்.எம். அலைவரிசையில் சுற்றின் குணத்தையே மாற்றிவிடும். அதிக மின்னோட்டத்தையும் அது தாங்காது. 230 வோல்ட்டில் இயங்கும் சாதனத்தைத் தொடரில் ஒரு பழைய இழை பல்ப்போடு இணைத்துப் பார்ப்பது இன்னும் நல்ல பழக்கம். உள்ளே ஷோட் இருந்தால் பல்ப் பளீரென எரியும், சாதனம் தப்பும். ஆனால் அந்தப் பல்ப் ஆளைக் காப்பாற்றாது. தொட்டால் கரண்ட் அடிக்கத்தான் செய்யும். புதிய வகை மின்வழங்கிகள் பல்ப்போடு திக்கித் திணறி, நல்லதையும் பழுதென்று காட்டக்கூடும்.

இன்னொரு குறையையும் மறைக்கக்கூடாது. அது உடம்பைப் பற்றியது. கழற்றும் மேசையில் ஈயம் இருக்கிறது, ரோசின் புகை இருக்கிறது. வீட்டு மின்னை நேரோட்டமாக மாற்றும் பெட்டியின் கப்பாசிற்றரில், பிளக்கைக் கழற்றிய பிறகும் 325 வோல்ட் அளவு தேங்கியிருக்கலாம். பழைய ரிவியின் படக்குழாயில் அதைப்போலப் பல மடங்கு. சாப்பாட்டு மேசையில் போர்டைப் போட்டு உருக்குவதையும், செப்புக்காக வயரைக் கொளுத்துவதையும் திறமை என்று யாரும் மெச்சக்கூடாது.

சோதிப்பதில் நேரம் போகிறது என்று திருத்துபவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அரை மணி நேரச் சோதனை நட்டமாகத் தெரியும். ஆனால் திரும்பி வரும் பெட்டிக்கு யாரும் இரண்டாம் முறை கூலி தருவதில்லை.

என் மதிப்பீடு இதுதான்: கழற்றும் திறமையில் இந்த மண் நன்றாகத் தேறியிருக்கிறது, சோதிக்கும் ஒழுங்கைப் பாதியிலேயே விட்டிருக்கிறது. 2013 முதல் பாடசாலை உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. 2014 முதல் கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. டைனமோவில் செய்தி கேட்ட தலைமுறையின் கையையும் மீற்றர் பிடிக்கக் கற்கும் பிள்ளைகளின் கண்ணையும் ஒரே மேசையில் இருத்துவது இன்று முடியாத காரியமல்ல. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அளவைக் கொப்பியில் எழுதுங்கள். கரண்ட் கொடுக்குமுன் ஷோட் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த வோல்ட்டிலும் கூடிய வோல்ட்டிலும் ஓடவிடுங்கள். பெட்டியின் கடைசி ஆணியை முறுக்குமுன் முழுச் சுமையோடு அரை மணி நேரம் பொறுத்திருங்கள்.