சா-சா-சா தாளம்: ஒரு மதிப்பீடு

சா-சா-சா என்பது 1950களின் தொடக்கத்தில் கியூபாவின் ஹவானா நகரில் உருவான நடன இசை வடிவம் ஆகும். இதன் வேர் தான்சோன் என்னும் பழைய நடன இசையில் உள்ளது. 1938இல் ஒரேஸ்தெஸ் லோப்பெஸ் இயற்றிய 'மாம்போ' என்ற தான்சோன், தட்டு விலகி விழும் ஆப்பிரிக்கத் தாளக்கூறுகளை அதில் சேர்த்தது. இவ்வகை இசைக்கு ஆடுவோர் தடுமாறுவதைக் கண்ட வயலின் கலைஞர் என்ரிக்கே ஹோரின், மெட்டின் அழுத்தத்தை நேர்த்தட்டுகளுக்கு மாற்றினார். அவரது 'லா எங்கஞாதோரா' 1953இல் பதிவாயிற்று. பாதங்கள் தரையில் உரசும் ஒலியிலிருந்தே பெயர் பிறந்தது என்பர்.

இதை வெறும் எளிமைப்படுத்தல் எனக் குறைத்து மதிப்பிடுவது பொருந்தாது. மெட்டு நேரானாலும், கொங்கா, குயிரோ, திம்பாலே ஆகிய தாளக்கருவிகளின் பின்னல் குலையவில்லை. ஆடுவோரின் கால்களுக்கும் இத்தாளத்தின் ஆக்கத்தில் பங்குண்டு.