கேப் கிட் என்னும் சர்வரோக நிவாரணி

பழைய ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களைத் திரும்ப ஓடவைக்கும் அமெரிக்க ஆர்வலர்கள் மத்தியில் ஒரு வேதவாக்கு உண்டு. படம் ஆடுகிறதா, சுருங்கிவிட்டதா, படமே இல்லையா, எதுவானாலும் முதல் பதில் ஒன்றுதான்: கேப் கிட் போடு. அதாவது மானிட்டர் போர்டில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் அத்தனையையும் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டு. இது தப்பான யோசனை இல்லை. நோயைப் பார்த்தபிறகு வரவேண்டியது, பார்ப்பதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் என் புகார்.

அதன் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் காய்ந்துபோகும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது பொதுவான கணக்கு. 1980களின் தொடக்கத்தில் வந்த எலக்ட்ரோஹோம் ஜி07 மாதிரியான மானிட்டர்கள் மரப்பெட்டிக்குள் நாள் முழுக்க எரிந்தவை. அதில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நாற்பது வருஷம் கழித்தும் சரியாக இருந்தால்தான் ஆச்சரியம். திரையில் கருப்புப் பட்டை மேலும் கீழும் நகர்ந்தாலோ, படத்தின் மேல்பகுதி மடிந்து தெரிந்தாலோ கிட் பல நேரம் குணப்படுத்திவிடும்.

ஆனால் எல்லாக் கோளாறும் அந்த வகை இல்லை. திரை நடுவில் செங்குத்தாக ஒற்றைக் கோடு மட்டும் தெரிகிறது என்று வையுங்கள். கொஞ்சம் யோசித்தாலே பாதி வேலை முடிந்தது. இந்த மானிட்டர்களில் படக்குழாய்க்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவதே ஹாரிசான்டல் பகுதிதான். அது செத்திருந்தால் திரை இருட்டாக இருக்கும். கோடாவது தெரிகிறது என்றால் அந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது, யோக் சுருளுக்குப் போகும் வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கனெக்டர் பின்னில் டிரை சால்டராக இருக்கும். சால்டரிங் அயர்னை ஒருதரம் வைத்து எடுத்தால் சரியாகும் சமாச்சாரத்துக்கு கிட் எதற்கு?

சிவப்பு நிறம் மட்டும் வரவில்லையா? மெஷினை அணைத்துவிட்டு, கேம் போர்டிலிருந்து வரும் சிவப்பு, பச்சை ஒயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது பச்சை காணாமல் போனால் கோளாறு கேம் போர்டில், அல்லது அங்கிருந்து வரும் ஒயரில். சிவப்பே இன்னும் வரவில்லை என்றால் மானிட்டரில். ஐந்து நிமிஷம், செலவு பூஜ்யம்.

1981-ல் வந்த அட்டாரியின் டெம்பெஸ்ட் இன்னும் சுவாரசியமான உதாரணம். அதன் வெல்ஸ்-கார்ட்னர் 6100 வெக்டர் மானிட்டரில் ஸ்பாட் கில்லர் என்றொரு சிவப்பு விளக்கு எரியும். எலக்ட்ரான் கற்றை அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் பாஸ்பர் கருகிவிடும் என்பதால், அசைவு இல்லாதபோது கற்றையை அணைக்கும் காவல்காரன் அது. அந்த விளக்கைப் பார்த்ததும் மானிட்டர் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். கேம் போர்டு சிக்னலே அனுப்பாவிட்டாலும் அதே விளக்குதான் எரியும். அப்போது மானிட்டரில் எதை மாற்றியும் பிரயோஜனமில்லை.

கிட் பக்கம் நிற்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு. ஓடுகிற மானிட்டரில் கை வைத்து அளப்பது புதியவர்களுக்கு ஆபத்து, கரண்டை அணைத்துவிட்டுச் செய்யும் கிட் வேலையே பாதுகாப்பு என்பார்கள். இதை லேசாகத் தள்ள முடியாது. குழாயில் 20,000 வோல்ட்டுக்குப் பக்கம் இருக்கும், அணைத்த பிறகும் மிச்சம் நிற்கும். ஆனால் கிட் போட போர்டைக் கழற்றவேண்டுமே, அதற்கும் அந்த மின்சாரத்தை முதலில் இறக்கித்தானே ஆகவேண்டும்? தவிர, நான் சொன்ன ஒயர் மாற்றம், டிரை சால்டர் தேடல் எல்லாமே அணைத்த நிலையில் செய்வதுதான். ஃபியூஸ் தொடர்ந்து போகிறது என்றால் ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டா என்று மல்டிமீட்டரில் பார்ப்பதும் அப்படியே. கிட் பொட்டலத்தில் பொதுவாக அந்த டிரான்சிஸ்டர் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

எனக்குப் பெரிதாகப் படும் சிக்கல் இது. ஒரு டஜனுக்கு மேல் பாகங்களை ஒரே மூச்சில் மாற்றுகிறீர்கள். படம் வந்துவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. வராவிட்டால் பழைய கோளாறோடு நீங்கள் புதிதாகச் சேர்த்த கோளாறும் இருக்கலாம்: ஒரு கெப்பாசிட்டர் தலைகீழாக, ஒரு செம்புத் தடம் பெயர்ந்து. ஒரே கமிட்டில் இருபது ஃபைலை மாற்றிவிட்டு பக் எங்கே என்று தேடியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

இது வெறும் பொழுதுபோக்குக்காரர்களின் சண்டை என்று விட்டுவிடவும் முடியவில்லை. அந்த அளவுப் படக்குழாய்களை இன்று யாரும் புதிதாகத் தயாரிப்பதில்லை. அவசரத்தில் கழுத்து உடைந்த குழாய் போனது போனதுதான். குழாயோடு சேர்ந்து, அதன் சர்க்யூட்டைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். நம்மூர் டிவி மெக்கானிக் திரையில் தெரியும் கோட்டை வைத்தே எந்தப் பகுதி என்று சொல்லிவிடுவார், ஃபியூஸ் போகிற செட்டுக்கு சீரீஸ் பல்பு மாட்டிப் பார்ப்பார். கிட் போடத் தெரிந்த கைகள் நிறைய இருந்தும், ஏன் போடுகிறோம் என்று சொல்லத் தெரியாவிட்டால், அடுத்த தடவை கிட்டும் பலிக்காத மானிட்டர் குப்பைக்குத்தான் போகும்.

கிட் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வாங்கி மேஜைமேல் வையுங்கள். முதலில் திரையைப் பாருங்கள், பிறகு சால்டரை, பிறகு டிரான்சிஸ்டரை. கோளாறு எதில் என்று ஒரு தாளில் ஒரு வரி எழுதிவிட்டு, அப்புறம் பொட்டலத்தைப் பிரியுங்கள்.