முகம் இரவல், வேலை யாருடையது?

கடலூர் முதுநகர்ப் பிள்ளைகளுக்குக் கரி எஞ்சின் என்றால் இன்று கதையில் வரும், முகமுள்ள நீல எஞ்சின் தாமஸ்தான். தாமஸ் வெறும் கற்பனையல்ல. வில்பர்ட் ஆட்ரியின் 1946ஆம் ஆண்டு நூலுக்கு ஓவியர் ரெஜினால்ட் பெய்ன் மாதிரியாக எடுத்துக்கொண்டது, லண்டன்–பிரைட்டன் பாதையின் இ2 ரக எஞ்சின். 1913–16இல் பத்தே பத்து செய்தார்கள். 1963க்குள் அத்தனையும் உடைக்கப்பட்டன. இரும்பு போனது, உருவம் கதையில் தங்கியது. நிஜ எஞ்சினைப் பாத்திரமாக்குவதன் முதல் பயன் இது.

அதைவிடப் பெரிய பயன் ஒன்றுண்டு. இ2 ஷண்டிங் பார்த்த, அதாவது நிலையத்தில் பெட்டிகளை இழுத்துச் சேர்த்த எஞ்சின். தாமஸும் பெரிய எஞ்சின்களுக்குப் பெட்டி கொண்டுவந்து கொடுக்கும் எடுபிடியாகவே தொடங்குகிறான். அவனுடைய துடுக்கும், நெடுந்தூரம் போகும் ஏக்கமும் அந்த வேலையில் விளைந்தவை.

2016இல் வந்த 'தி கிரேட் ரேஸ்' என்ற தாமஸ் படத்தின் அஷிமா, நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் ரகத்தைப் பார்த்து வரையப்பட்டவள். மேட்டுப்பாளையத்து எஞ்சினை உலகப் படமொன்றில் அடையாளம் காணும் மகிழ்ச்சி சிறிதல்ல. ஆனால் எக்ஸ் எஞ்சினின் குணம் எது? கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுவது. முன்னால் நிற்கும் பெருமை அதற்கில்லை. பாரம் முழுக்க அதன் மேல். அப்படிப்பட்டவளைப் படம் ஷண்டிங் போட்டிக்கு அனுப்புகிறது. அது தாமஸின் வேலை! உடம்பெங்கும் பூவேலை, மலையோடு ஒட்டாத ஒரு பெயர்: 'இந்தியா' என்று எழுதி ஒட்டியதுபோல் இருக்கிறது. பல நாட்டு எஞ்சின்கள் கூடும் ஒரே படத்தில் ஆழம் எதிர்பார்க்க முடியாது என்பது நியாயம்தான். ஆனாலும் உருவத்தை இரவல் வாங்கியவர்கள் உழைப்பை அங்கேயே விட்டுவந்தார்கள்.

அழகான எஞ்சின்களையே தேடுவது இன்னொரு குறை. விழுப்புரம்–கடலூர்–சிதம்பரம் மீட்டர் பாதையில் ஓடிய ஒய்.ஜி. சரக்கு எஞ்சினுக்கு எந்தக் கதையிலும் முகம் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஏற வேண்டிய மலை அதற்கில்லை. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு, கிராசிங்கில் நின்று பெருமூச்சு விடுவதே பாதி வேலை. பொறுமையும் எரிச்சலும் கலந்த ஒரு கிழவர் அதற்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். முகம் வரைவது சுலபம். அவர் எதற்காகக் காத்து நிற்கிறார் என்று தெரிந்தவர் எழுத வேண்டும்.