மீயொலியும் வாய்க்கால் நீரும்

பாரிட் புந்தார் என்னும் ஊர்ப்பெயரின் முற்பகுதியாகிய ‘பாரிட்’, மலாய்மொழியில் வெட்டிய வாய்க்காலைக் குறிக்கும். பெயர் ஊருக்குச் சாலப் பொருந்தும். 1906-இல் நிறைவெய்திய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம், புக்கிட் மேரா அணையின் நீரை இவ்வட்டார நெல்வயல்களுக்குக் கொண்டுவருகிறது. ‘எவ்வளவு நீர் வருகிறது?’ என்பது இங்கே ஏட்டுக் கேள்வியன்று, உழவனின் கேள்வி. அதற்கு ஒலியைக் கொண்டு விடை கூறும் கருவிகள் இன்று உள. அவற்றைத் தமிழில் விளக்கப் புகுங்கால், நாம் வழங்கும் சொற்கள் பொருளைத் தாங்குகின்றனவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் பொருளைக் காண்போம். வாய்க்காலின் இரு கரைகளிலும், ஒன்றுக்கொன்று சாய்வாக, இரு உணர்கருவிகள் நீருள் பொருத்தப்படும். நீரோட்டத்தோடு செல்லும் ஒலி விரைந்து சேரும். எதிர்த்து வருவது தாமதிக்கும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் செல்லும். 10 மீட்டர் பாதை 45 பாகை சாய்ந்திருக்க, நீர் நொடிக்கு அரை மீட்டர் ஓடினால், இரண்டு பயணங்களின் வேறுபாடு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் மூன்று பங்கே! அவ்வேறுபாட்டிலிருந்து வேகமும், வேகத்தை நீரின் குறுக்குப் பரப்பால் பெருக்கப் பாயும் அளவும் கிடைக்கும். குழாய்க்கும் இம்முறை பொருந்தும். கலங்கல் நீராயின், மிதக்கும் துகள்களில் பட்டு மீளும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டும் அளக்கலாம். 1842-இல் டாப்ளர் வெளியிட்ட கருத்தே இதன் அடிப்படை.

இனிச் சொற்களுக்கு வருவோம். நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை ‘மீயொலி’ என்கிறோம். நல்ல சொல். ஆயின் ஒலியினும் விரைந்து பறக்கும் விமானத்தையும் ‘மீயொலி விமானம்’ என எழுதுகிறோம். முன்னதில் மிகுவது அதிர்வெண். பின்னதில் மிகுவது வேகம். வேகத்தை அளக்கும் பாடத்திலேயே இக்குழப்பம் நேர்ந்தால், மீயொலி ஏனைய ஒலியினும் விரைந்தோடும் என்று மாணவன் எண்ணிவிடுவான். ‘கேளாவொலி’ எனலாமோ எனின், 20 அதிர்வுகளுக்குக் குறைந்த ஒலியும் செவிக்குக் கேளாது. ஆதலின் மீயொலியை அதிர்வெண்ணுக்கே உரியதாக்கி, விமானத்தை ‘ஒலிவிஞ்சி விமானம்’ எனல் தகும்.

மற்றொன்று ‘வெளியேற்றம்’. அணை நீரைத் திறந்துவிடுதற்கு இச்சொல் ஏற்றதே. வாய்க்காலின் ஓரிடத்தைக் கடந்துசெல்லும் நீருக்கு ஏலாது. அங்கே வெளியேற்றுவார் யாருமிலர். ‘நீரோட்டம்’ என்றாலோ, வேகமா அளவா என்பது விளங்காது. ‘பாய்வளவு’ என்பது நேரிய சொல். 4 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உடைய வாய்க்காலில் நொடிக்கு அரை மீட்டர் வேகமெனின், பாய்வளவு நொடிக்கு 2 கன மீட்டர். வேகம் வேறு, பாய்வளவு வேறு என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

மதகு, மடை, கலிங்கு என நீர்த்தொழிலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப்பெயர் தந்த மொழி தமிழ். அம்மொழியில் பயிலும் கிரியான் மாணவன் தன் ஊர் வாய்க்காலைத் தமிழிலேயே கணக்கிட வேண்டாவா? ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பாராக.