சொல் நீங்கிய பாட்டு: பாரதியாரின் ‘கண்ணம்மா – என் குழந்தை’யும் வாத்திய இசையும்

பக்திப் பாடல்களை வயலின், வீணை, புல்லாங்குழல், நாகசுரம் முதலிய கருவிகளில் வாசித்து வெளியிடும் வழக்கம் இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு எனக் கருவிகள் மாறியபோதும் குறையாமல் தொடர்ந்து வந்துள்ளது. இவ்வாசிப்புகள் குறித்த மதிப்பீடுகளோ பெரும்பாலும் கலைஞரின் கைத்திறனைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றன. சொற்கள் நீங்கிய பின்னும் ஒரு பாடல் அதே பாடலாக எஞ்சுகிறதா, எஞ்சுமாயின் எதனால் எஞ்சுகிறது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. புதுச்சேரியில் உருவான பாடல் ஒன்று இவ்வினாவைத் தவிர்க்க இயலாததாக்குகிறது.

அச்சில் நிற்கும் மெட்டு

சுப்பிரமணிய பாரதியார் 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில் வாழ்ந்தார். அக்காலப் படைப்பான ‘கண்ணன் பாட்டு’ 1917ஆம் ஆண்டு பரலி சு. நெல்லையப்பரால் வெளியிடப்பெற்றது, 1919ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பதிப்புக்கு வ.வே.சு. ஐயர் முன்னுரை எழுதினார். ஐயரும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர். நிலவு எறிக்கும் மாலைப் பொழுதில், கடற்கரையில், ஆசிரியர் தாம் புதிதாகப் புனைந்த கீர்த்தனங்களைத் தம் குரலாலேயே பாடக் கேட்டவர்கள் இப்பாடல்களின் அருமையை அறிவர் என்னும் கருத்தை அவர் அம்முன்னுரையில் பதிவு செய்கிறார். கண்ணன் பாட்டு தன் முதல் சுவைஞர்களைச் செவிவழியாகவே அடைந்தது என்பதற்கு இது நேரான சான்று.

நூலின் 23 பாடல்களும் இசைக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆசிரியப்பா நடையில் நெடிதாகச் செல்பவையும் உள்ளன. இசைப்பாடல்களாக அமைந்தவற்றின் தலைப்பிலோ ராகம், தாளம் ஆகியவற்றோடு சில இடங்களில் ரசமும் குறிக்கப்பட்டுள்ளது. ‘கண்ணன் – என் தோழன்’ புன்னாகவராளி ராகம், திஸ்ர ஜாதி ஏக தாளம், வத்ஸல ரசம் என்னும் குறிப்போடு தொடங்குகிறது. ராகத்துக்கு அருகில் ரசத்தையும் அச்சிட்ட இம்முறை, வித்துவான்கள் ரச உணர்வின்றிப் பாடுவதைத் தம் ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் கடிந்தவருக்கு இயல்பானதே. அதே கட்டுரையில் ஆர்மோனியத்தின்மீது அவர் காட்டும் வெறுப்பு இங்கு நினைக்கத்தக்கது. கருவி இசை அவருக்குப் புறம்பான பொருளாக இருந்ததில்லை.

‘கண்ணம்மா – என் குழந்தை’ இக்குறிப்புகளுள் தனித்து நிற்பது. ராகம் பைரவி, தாளம் ரூபகம் என்பதோடு பாரதியார் நிறைவடையவில்லை. பாட்டுக்குரிய ஸ்வர வரிசைகளையும் எழுதி, அவற்றை மாதிரியாகக் கொண்டு மனோபாவத்துக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்னும் அறிவுரையையும் சேர்க்கிறார். அவ்வரிசை ஷட்ஜத்தில் நிலைத்து நின்று பஞ்சமத்துக்குத் தாவுகிறது. பஞ்சமத்தைச் சுற்றித் தைவத நிஷாதங்களைத் தொட்டு மீள்கிறது. பின்னர் மத்திமம், காந்தாரம், ரிஷபம் வழியாக ஷட்ஜத்துக்கு இறங்கி அடங்குகிறது. அச்சில் ஸ்தாயிக் குறிகள் இல்லாமையால் இதனை ஒரே ஸ்தாயிக்குள் அடங்கும் மெட்டாகப் படிப்பதே பொருந்தும். பயிற்சி பெற்ற குரலை வேண்டாத, மடியில் குழந்தையை வைத்திருப்பவர் பாடத்தக்க எல்லை அது.

திரைமெட்டின் வெற்றி

நூற்றாண்டுக் காலமாக அச்சாகி வரும் இந்த ஸ்வர வரிசையை இன்று மேடையில் கேட்பது அரிது. பாடல் பரவியது வேறொரு மெட்டினால். 1951ஆம் ஆண்டு என்.எஸ். கிருஷ்ணன் இயக்கத்தில் வெளிவந்த ‘மணமகள்’ திரைப்படத்தில், சி.ஆர். சுப்பராமன் இசையமைப்பில், எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் இதனைப் பாடினர். காபியில் தொடங்கும் அந்த ராகமாலிகை திரையிலிருந்து கச்சேரி மேடைக்கும், கச்சேரி மேடையிலிருந்து நாட்டிய அரங்குக்கும் சென்றது. வீணையிலும் வயலினிலும் குழலிலும் இப்பாட்டு என்று வாசிக்கப்படுவது பெரும்பாலும் அந்த மெட்டே.

வாய்ப்பாட்டில் இம்மாற்றம் பாரதியாரை முற்றும் அகற்றிவிடுவதில்லை. மெட்டு மாறினாலும் சொல் அவருடையது. வாத்தியத்தில் நிலைமை வேறு. அங்கே சொல்லும் இல்லை. ஒலிக்கும் மெட்டு கவிஞர் குறித்ததும் அன்று. ‘பாரதியார் பாடல்’ என்னும் பெயரோடு வெளியாகும் அவ்வாசிப்பில் பாரதியாருடையதாக எஞ்சுவது, கேட்பவர் தம் நினைவிலிருந்து கொண்டுவந்து பொருத்தும் சொற்கள் மட்டுமே. சுப்பராமனின் பெயரோ பெரும்பாலும் குறிக்கப்படுவதும் இல்லை. முழுவதும் தம்முடையதான இசை வேறொருவர் பெயரில் ஒலிக்க, இசையமைப்பாளர் மறைந்து நிற்கிறார். இது கவிஞருக்கு இழைக்கப்படும் அநீதி என்பதைவிட இசையமைப்பாளருக்கு இழைக்கப்படும் அநீதி என்பதே பொருத்தம்.

தியாகராஜரின் கீர்த்தனையை வயலினில் வாசிக்கும்போது இச்சிக்கல் எழுவதில்லை. சொல்லும் மெட்டும் ஒருவரிடமே பிறந்தவை. சீடர் மரபு இரண்டையும் சேர்த்தே காத்தது. திருப்பாவைக்கு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தார் என்பதும் கச்சேரி உலகம் அறிந்த செய்தி. அங்கே ஆண்டாள் ஸ்வரம் எழுதி வைக்கவில்லை. வங்கத்தில் தாகூரின் பாடல்கள் ஸ்வரக்குறிப்புகளோடு தொகுக்கப்பட்டு, விசுவபாரதியின் பதிப்புரிமை 2001ஆம் ஆண்டு முடியும்வரை மெட்டும் கண்காணிக்கப்பட்டது. அதனால் ஹவாயன் கிதாரில் வாசிக்கப்படும் ரவீந்திர சங்கீதம் சொல்லின்றியும் தாகூருடையதாகவே இருக்கிறது. பாரதியாரின் பதிப்புரிமை சென்ற வழி நேர்மாறானது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்த ஒலிப்பதிவு உரிமை உட்பட அனைத்தும் 1949ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் வசமாகிப் பின்னர் பொதுவுடைமையாயின. ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்துள்ள இந்நிகழ்வு தமிழுக்குக் கிடைத்த பெரும்பேறு. எனினும் சொல்லை எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்றான அந்த ஏற்பாட்டில், கவிஞரே குறித்த மெட்டை நினைவூட்டும் கடமை எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

ராகமாலிகை கருவிக்கு இசைவது ஏன்

திரைமெட்டின் வெற்றியைத் திரையின் செல்வாக்கு என்று மட்டும் விளக்குவது போதாது. இப்பாட்டு ஒரே யாப்பில் அமைந்த பத்துக் கண்ணிகளைக் கொண்டது. ஒரே மெட்டில் பத்து முறை பாடும்போது ஒவ்வொரு கண்ணியையும் மற்றதினின்று வேறுபடுத்துவது சொல். குழந்தை ஓடி வருவதும், அதன் கண்ணில் நீர் வழிவதும், மழலையும் சிரிப்பும் செவிக்குச் சொல்லால் புலனாகின்றன. கருவிக்கு அச்சொல் இல்லை. ஒரே மெட்டைப் பத்து முறை வாசித்தால் சலிப்பே மிஞ்சும். ராகமாலிகையில் கண்ணிதோறும் ராகம் மாறுவதால், சொல் செய்யும் வேலையை ராகம் ஏற்றுக்கொள்கிறது. சுப்பராமன் வாத்தியக் கலைஞரை எண்ணி மெட்டமைத்திருக்க வேண்டியதில்லை. எனினும் சொல் இல்லாதபோதும் வடிவம் சிதையாத மெட்டு ஒன்று அமைந்துவிட்டது.

வயலினில் பாடுவது போன்ற வாசிப்பை லால்குடி ஜெயராமன் உச்சத்துக்குக் கொண்டு சென்றார். வில்லின் போக்கும் வீச்சும் சாகித்தியத்தின் அசைகளைப் பின்பற்ற, பாடலை அறிந்தவர் சொல்லையே கேட்பதாக உணர்வர். குன்னக்குடி வைத்தியநாதன் எடுத்துக்கொண்ட வழி வேறு. தவிலைத் துணையாகக் கொண்டு, மக்கள் நன்கறிந்த பக்திப் பாடல்களையும் திரைப்பாடல்களையும் வாசித்துப் பெருங்கூட்டத்தை ஈர்த்தார். அவரை எளிதாக ஒதுக்கிய விமர்சகர்கள் உண்டு. ஆயினும் இரு வழிகளுக்கும் அடிப்படை ஒன்றே: கேட்பவருக்குப் பாடல் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு லால்குடியின் அசைநுட்பமும் வெறும் லய நுட்பமே.

கோயில் நாகசுர மரபு இந்த நிபந்தனைக்கு அப்பாற்பட்டது. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் ஒலிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. எந்தப் பாடலின் சாயலாகவும் அது நிற்பதில்லை. கேட்பவர் எந்தச் சொல்லையும் நினைவுகூர வேண்டியதில்லை. தெய்வம் எழுந்தருளுகிறது என்பதை அவ்வொலியே அறிவிக்கிறது. சொல் நீங்கினால் பக்தி நீங்கிவிடும் என்னும் வாதம் மல்லாரியின் முன் நிற்காது. சிக்கல், சொல்லுக்காகவே பிறந்த பாட்டைச் சொல்லின்றி வாசிக்கும்போதுதான் எழுகிறது.

தெய்வம் இருக்கும் இடம்

இப்பாட்டில் இழப்பு மேலும் ஒரு படி ஆழமானது. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு என்பது பாரதியார் தரும் விளக்கம். அவ்விளக்கம் உரைநடைக் குறிப்பாகத் தலைப்பின்கீழ் நிற்கிறது. பத்துக் கண்ணிகளுள் எதிலும் பராசக்தியின் பெயர் இல்லை. அன்பு தருவதில் இக்குழந்தைக்கு நிகரான தெய்வம் உண்டோ என்று வியக்கும் இடத்தில்கூட அக்குழந்தையே தெய்வம் என்பது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. ஆகவே குறிப்பைப் படிக்காமல் கேட்பவருக்கு இது பெற்றோர் தம் குழந்தையைக் கொஞ்சும் பாட்டு. பெரியாழ்வார் மரபில் வந்த பிள்ளைத்தமிழ் உணர்வைப் பாரதியார் தலைகீழாக்கியிருக்கிறார்: அங்கே தெய்வத்தின் பெயரும் செயலும் அடிதோறும் வந்து, பாடப்படுவது வெறும் குழந்தை அன்று என்று நினைவூட்டுகின்றன, இங்கே அந்நினைவூட்டல் பாட்டுக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது.

புதுச்சேரி மணக்குள விநாயகர்மீது அவர் பாடிய ‘விநாயகர் நான்மணிமாலை’யை இதனோடு ஒப்பிடலாம். வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என நான்கு யாப்பும் மாறி மாறி வரும் அந்நூலில் தெய்வத்தின் பெயரும் ஊரின் பெயரும் உண்டு, மெட்டு இல்லை. கண்ணம்மா பாட்டில் மெட்டு உண்டு. தெய்வத்தின் பெயர் இல்லை. முன்னதை வாத்தியத்தில் வாசிக்க முனைபவர் விருத்தத்துக்கு ராகம் தேர்வதோடு நிற்க வேண்டியிருக்கும். பின்னதை எளிதில் வாசிக்கலாம். ஆனால் அதனைப் பக்திப் பாடலாக்கும் ஒரே வரி அச்சுத்தாளிலேயே தங்கிவிடுகிறது. பக்தி இசைத் தொகுப்புகளில் இப்பாட்டைச் சேர்ப்பவர்களும் தாலாட்டுத் தொகுப்புகளில் சேர்ப்பவர்களும் ஒரே மெட்டையே பயன்படுத்துவது இதன் விளைவு.

பைரவியை வாசித்தல்

பாரதியாரின் அறிவுரை, ஒரே ராகத்துக்குள் மனோபாவத்துக்கேற்ப ஸ்வரங்களை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. பத்துக் கண்ணிகளின் வேறுபாட்டை ராக மாற்றத்தால் அன்றி, ராகத்தின் உட்பிடிகளால் காட்டும் முறை அது. வாய்ப்பாட்டினும் வாத்தியமே இதற்கு மிகுதியும் இடம் தருவது. மாதிரி வரிசையை வைத்துக்கொண்டு விரித்துச் செல்வது நாகசுரக் கலைஞருக்கு அன்றாடப் பயிற்சி. ரூபகத்தின் நடையும் கண்ணியின் அளவும் பொருந்துவதால் துத்துகாரத்தில் அசைகளை நிறுத்தவும் முடியும். அவ்வாறு வாசிக்கப்படும்போது, சொல் இல்லையெனினும் மெட்டேனும் கவிஞருடையதாக இருக்கும்.

ஸ்வர எழுத்துகள் மட்டும் ஸ்தானத்தைக் காட்டா என்பது நடைமுறைத் தடை. அவை கருநாடகப் பைரவிக்கும் இந்துஸ்தானிப் பைரவிக்கும் ஒருங்கே பொருந்துவன. இளமையில் காசியில் வாழ்ந்த கவிஞரிடம் இரண்டாவதையும் எளிதில் விலக்க இயலாது. ஆயினும் தமிழ்க் கீர்த்தன மரபின் தலைப்பு முறையையே நூல் முழுதும் பின்பற்றுபவர் இவ்விடத்தில் மட்டும் வேறு வழக்கைக் குறித்திருப்பார் எனக் கொள்ள நூலில் இடமில்லை. கருநாடகப் பைரவி எனக் கொண்டால் தைவதம் எது என்பதும் தெளிவாகும். மேல் ஷட்ஜம் நோக்கி ஏறும்போது சதுசுருதி தைவதமும், பிற இடங்களில் சுத்த தைவதமும் வருவது அந்த ராகத்தின் இயல்பு. பாரதியாரின் வரிசையிலோ தைவதம் நிஷாதத்தைத் தொட்டவுடன் திரும்பிப் பஞ்சமத்தில் வந்து நிற்கிறது. எனவே வாசிப்பவர் அங்கே பிடிக்க வேண்டியது சுத்த தைவதம்.