நெடுங்குழலும் அதற்கிசைந்த பண்ணும்

பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் வருகின்றான். தீக்கடைகோலாற் சுட்டுத் துளையிட்ட குழலில் அவன் பாலைப் பண்ணை ஊதுகின்றான். அது சலித்தபோது, குமிழின் உட்டுளையுடைய கொம்பிலே மரல் நாரை நரம்பாகத் தொடுத்து, அவ்வில்யாழிற் குறிஞ்சிப் பண்ணை எழுப்புகின்றான். இக்காட்சியின் இயற்கையழகை வியந்தோர் பலர். ஆயினும் அதனுள் அமைந்த இசை நுட்பமொன்று போதிய அளவு கவனிக்கப்படவில்லை. பண் மாறியபோது அவன் கருவியையும் மாற்றினான். குறிஞ்சியையும் அக்குழலிலேயே ஊதிவிடலாமென அவன் கருதவில்லை.

கல்வியறிவற்ற அவ்வாயனிடம் இருந்த இத்தெளிவு இன்று குழல் பயில்வோரிடம் எப்போதும் காணப்படுகின்றது என்று கூறுதற்கில்லை. தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நெடுங்குழலின் மீது இப்பொழுது பெருவிருப்பு உண்டாகியிருக்கின்றது. அதன் ஒலி கனிவுடையது. கேட்டமாத்திரத்தில் உள்ளத்தை அமைதிப்படுத்த வல்லது. எனினும் கருவி மாறிய பின்னரும் பாட்டு மாறுவதில்லை. குறுங்குழலில் விரைந்து ஊதிய 'வாதாபி கணபதிம்' என்னும் கிருதியை அதே விரைவில் நெடுங்குழலிலும் ஊத முற்படுவோர் உளர். அப்போது எழுவது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுரங்கள் நழுவிப்போன மங்கலான ஓர் ஒலி. குற்றம் கிருதியினதுமன்று, குழலினதுமன்று. இரண்டையும் சேர்த்து வைத்த தெரிவினதே.

நெடுங்குழலே பழந்தமிழ்க் குழல் என்று பெருமை பேசுவோரும் உளர். இதனைச் சிலப்பதிகார உரை கொண்டே சோதிக்கலாம். அரங்கேற்று காதையில் வங்கியத்தின் அளவைக் கூறுமிடத்து அடியார்க்குநல்லார், நீளம் 20 விரல், சுற்றளவு 4½ விரல் என்கிறார். தூம்புமுகத்தில் 2 விரல் நீக்கி முதல்வாய். அதன்பின் 7 விரல் இடைவெளி. பின்னர் 9 விரல் அளவில் 8 துளை. கடையில் 2 விரல். கூட்டினால் இருபதும் சரியாக வருகின்றது. எட்டுத் துளையுள் ஒன்று முத்திரையெனக் கழிய, எஞ்சிய ஏழிலும் ஏழு விரல் வைத்து ஊதப்படும். விரலொன்றை முக்கால் அங்குலமாகக் கொண்டால் குழலின் நீளம் 15 அங்குலமே. எனவே, உரையாசிரியர் அளந்து காட்டிய குழல் இன்று கச்சேரிகளில் வழங்கும் குறுங்குழலுக்கு இனமானதேயன்றி நெடுங்குழலன்று. நெடுங்குழலுக்குப் பழமையைத் தேடிக் கொடுக்க வேண்டிய தேவை எதுவுமில்லை. அது தன் ஒலியினாலேயே நிற்கத்தக்கது.

'மீன்பாடும் தேனாடு' என்னும் வழக்கைப் பற்றிக்கொண்டு, வாவியிலே கல்லடிப் பாலத்தின் கீழ் நிலவு நாளிற் கேட்கும் தாழ்ந்த ஒலியே இந்நாட்டின் ஆதார சுருதி, ஆதலின் தாழ்ந்த குழலே இந்நாட்டுக்குரியது என வாதிடுவதும் அணியாகுமேயன்றி ஆய்வாகாது. அவ்வாவியின் நீரரமகளிரைப் பாட்டிலமைத்த விபுலாநந்த அடிகளே அப்பாட்டோடு நின்றுவிட்டாரல்லர். காரைதீவிலே 1892இல் தோன்றிய அப்பெரியார், மறைந்த ஆண்டாகிய 1947இலே வெளிவந்த யாழ் நூலில், நரம்பின் நீளத்தையும் சுருதியின் எண்ணையும் கணக்கிட்டே முடிபு கூறினார். குழலைப் பற்றிப் பேசுவோருக்கும் அந்நெறியே தக்கது.

கணக்கு எளியது. இருபுறமும் திறந்த குழாயின் நீளம் அதிலெழும் ஒலியலையின் பாதி. செக்கனுக்கு 440 அதிர்வுடைய ஒலிக்கு ஏறக்குறைய 39 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். ஓர் இயக்குத் தாழ்ந்து 220 அதிர்வாயின் 78 சென்ரிமீற்றர். வாய்த்துளை முதலியவற்றால் இவ்வளவு சிறிது குறையுமாயினும் விகிதம் மாறாது. நீளம் இரட்டித்தால் துளைகளின் இடைவெளியும் ஏறக்குறைய இரட்டிக்கும். விரல் நுனியால் மூடிய துளையை விரலின் நடுப்பகுதியால் மூட வேண்டிவரும். உள்ளிருக்கும் காற்றின் திரள் மிகுதியாதலால் ஒலி பிறப்பதற்கும் சிறிது பொழுது செல்லும். ஆகவே நெடுங்குழல் விரைவுக்கு உடன்படாது. ஆனால், துளை பெரிதாதலால் விரலைச் சிறிது சிறிதாக விலக்கிச் சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து செல்ல இடமுண்டு. அது ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெற்ற கருவி.

இன்னுமொன்று பலராலும் மறக்கப்படுகின்றது. குழல் நீண்டால் ஆதார சட்சம் தாழும். ஆதாரத்துக்குக் கீழே எட்டும் எல்லை நீளாது. கர்நாடக முறையில் முதலிரு துளைகளை மூடிச் சட்சம் பிடிக்கும்போது, துளைகளை எல்லாம் மூடினாலும் மெலிவு நிலையின் பஞ்சமத்தையோ மத்திமத்தையோ கடந்து கீழே செல்லல் இயலாது. இது 15 அங்குலக் குழலுக்கும் 30 அங்குலக் குழலுக்கும் ஒக்கும். ஆகவே, மெலிவு நிலையில் ஆழ்ந்து இறங்கும் பாட்டுக்கு நெடுங்குழலே ஏற்றது என்னும் எண்ணம் பிழையானது. பாட்டின் கீழெல்லை எதுவென்று பார்த்த பின்னரே குழலை எடுத்தல் வேண்டும்.

கருவியைத் தாழ்த்தியோர் பாட்டையும் தேர்ந்தனர் என்பதற்கு அண்மைக்கால வரலாறு சான்று தரும். வங்கத்துப் பன்னாலால் கோஷ் (1911–1960) 32 அங்குல அளவான பெருங்குழலை இந்துஸ்தானி இசைக்கு அமைத்தபோது, விளம்ப காலத்து ஆலாபனைக்கே அதனை முதன்மையாகப் பயன்படுத்தினார். ஒலிவாங்கி வராதிருப்பின் அம்மெல்லொலி பேரவையில் எடுபட்டிராது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. தமிழ்நாட்டிலே சரப சாஸ்திரியார் (1872–1904) தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்திய குழலை, ரி. ஆர். மகாலிங்கம் (1926–1986) குரலிசைக்கு அணுக்கமாகக் கொணர்ந்தார். அவர் மாணவர் ந. ரமணி (1934–2015) நெடுங்குழலையும் கர்நாடக மேடையில் ஏற்றினார். ஆயினும் குறுங்குழலைக் கைவிட்டாரல்லர். நாயனத்திலும் இதுவே நிகழ்ந்தது. திமிரியை விட நீண்டு தாழ்ந்த பாரி நாயனத்தை நிலைபெறச் செய்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது அவர்தம் தோடி ஆலாபனை. நீண்ட நாயனத்தில் நீண்ட இராகம், பொருத்தம் தற்செயலானதன்று.

கடல் கடந்த அயர்லாந்திலும் நிலைமை வேறன்று. 1843இல் ஆங்கிலேயராகிய ரொபேட் கிளாக் செய்யத் தொடங்கிய தகரக்குழல் சிறியது, கீச்சென்று ஒலிப்பது, நடனமெட்டுகளுக்கு நன்கு பொருந்துவது. 1970களின் தொடக்கத்தில் பேணாட் ஓவர்ட்டன் என்பார் அலுமினியத்தில் நீண்டு தாழ்ந்த குழலைச் செய்தார். தாளக்கட்டில் இறுகாத ஐரிஷ் நெடும்பாடல்களுக்கே அது பெரிதும் விரும்பப்படுகின்றது.

இனி, நெடுங்குழலுக்கு எப்பாட்டுகள் இசைவன? நிடாதத்திலோ பஞ்சமத்திலோ தொடங்கி ஓர் இயக்கினுள் அடங்கிவிடும் இராகங்கள் முதலிடம் பெறும். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, நவரோசு என்பன அத்தகையன. வலிவு நிலையில் ஏறும்போது நெடுங்குழலில் மூச்சு மிக வேண்டப்படும். ஒலியின் கனிவும் கெடும். இவ்விராகங்களோ அவ்வேற்றத்தை வேண்டுவதில்லை. தேவாரப் பண்களுள் இன்று நீலாம்பரியாகப் பாடப்படும் மேகராகக் குறிஞ்சியும், பைரவியாகப் பாடப்படும் கௌசிகமும் நன்கு பொருந்தும். அவற்றின் உயிர் சுரத்திலன்று, சுரங்களுக்கிடையிலான இழைவில் உள்ளது. அம்சத்துவனி, பிலகரி முதலிய மிடுக்கான இராகங்களைக் குறுங்குழலுக்கே விடுதல் நன்று.

மட்டக்களப்பின் நாட்டுப் பாடல்களை இவ்வளவைகொண்டு நோக்கும்போதுதான் இவ்வாராய்ச்சியின் பயன் புலப்படும். வைகாசியிலே கண்ணகியம்மன் கோயில்களிற் பாடப்பெறும் குளிர்த்திப் பாடல், தாலாட்டு, ஒப்பாரி ஆகியவை பெரும்பாலும் குறுகிய எல்லையில் நின்று நீண்டு இழையும் மெட்டுகள். வி. சீ. கந்தையா அவர்களின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) போன்ற நூல்களால் இந்நாட்டுப் பாடல்கள் பலவற்றின் சொற்கள் ஏட்டில் நின்றுவிட்டன. மெட்டோ பாடுவோர் தொண்டையிலேயே நிற்கின்றது. முதியோர் ஒருவர் மறையும்போது அவரோடு ஒரு மெட்டும் மறைகின்றது. ஆர்மோனியத்தை வைத்து அதனைக் குறித்துக்கொள்ள முயன்றால், கட்டைகளுக்கிடையிலுள்ள சுருதி பிடிபடாது. ஒப்பாரியில் அழுகை இருப்பது அவ்விடைவெளியிலேயே. நெடுங்குழல் அதனைத் தாங்கவல்லது. முதிய பெண்டிரின் தாழ்ந்த குரலுக்கும் அது பக்கத்தில் நிற்கும். குறுங்குழல் அக்குரலின் மேலே ஏறி நின்று அதனை மறைத்துவிடும்.

வசந்தன் ஆடலின் கோலடிப் பாடல்களுக்கு நெடுங்குழல் ஒவ்வாது. கூத்தைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். வடமோடி தென்மோடிக் கூத்துகள் மத்தளமும் சல்லரியும் கொண்டே விடியும்வரை நிகழ்வன; அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் திறந்த களரியில் உச்சக் குரலிற் பாடுவர். மேடைக்கென அவற்றைச் சுருக்கும்போது, சோகக் கட்டங்களில் நெடுங்குழலை இழையவிடுதல் நயமென்று சிலர் எண்ணுவர். அது கூத்தின் வலிமையைக் குறைத்துத் திரைப்படச் சாயலை ஏற்றுவதாகவே முடியும். மத்தளத்தின் சொற்கட்டே ஆட்டத்துக்கு முதுகெலும்பு; அதன்முன் நெடுங்குழல் கேட்கவும் மாட்டாது, கேட்க வைத்தால் மத்தளம் அடங்க வேண்டிவரும்.

கருவித் தெரிவிலும் சில உண்மைகள் உண்டு. சுவர் தடித்த மூங்கில் நெடுங்குழலுக்கு ஆகாது. மெல்லிய சுவரும் நீண்ட கணுவிடையும் உடைய மூங்கில் எளிதிற் கிடைப்பதில்லை. வட இந்தியாவிற் பிலிபித் நகரத்துக் குழற் கம்மியர் அசாம் மூங்கிலைத் தருவிப்பது இதனாலேயே. சோழகக் காற்றிலே உலர்ந்து வெடிக்காதிருக்க எண்ணெயிடுதலும், துளையின்றி எஞ்சிய பகுதியில் நூல் சுற்றிக் கட்டுதலும் வேண்டும். பத்து வயதுச் சிறுவன் கையில் 30 அங்குலக் குழலைக் கொடுப்பதோ கொடுமை. விரல் எட்டாமற் துளை கசியும். கசிந்த ஒலியையே அவன் செவி சுருதியென்று பழகிக்கொள்ளும். அவன் ஐந்து கட்டைக் குறுங்குழலில் சில ஆண்டு பயின்று கைவிரிந்த பின்னர் மாறுதலே முறை.

மாறும் நாளிலும் கடைக்கு முதலிற் செல்லலாகாது. அவன் ஊத விரும்பும் தாலாட்டையோ குளிர்த்தியையோ ஊரிலே அறிந்தவர் ஒருவரைப் பாடச்செய்து, அவர் குரல் நிற்கும் ஆதாரம் எது, பாட்டு இறங்கும் கீழெல்லை எது, ஏறும் மேலெல்லை எது என்னும் மூன்றையும் தம்புராவின் துணைகொண்டு குறித்துக்கொள்ளல் வேண்டும். மூங்கிலின் நீளம் அக்குறிப்பிலிருந்தே பெறப்படும்.